சாய்ந்த வாழையின் திசை



சாசனமும் சங்கீதமும் சிற்பமும் பேசிப் பழகிய தஞ்சையில், ஆகாயத்தில் ஓரிரு மணி நேரம் தோன்றி மறையும் ஓர் உக்கிரமான நிகழ்ச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இடியுடன் கூடிய முகில்களுள் வெகு சிலவே தம் உடல் முழுவதும் சுழலத் தொடங்கி, அச்சுழற்சியின் முனையைத் தரைவரை இறக்கி, டொர்னாடோ என்று உலகம் அறிந்திருக்கும் சுழற்காற்றாக ஊர்களை அழித்துச் செல்கின்றன. நம் வயல்களில் சித்திரை வைகாசியில் வாழையைச் சாய்க்கும் சூறைக்காற்று அந்த இனத்தைச் சேர்ந்ததா, அல்லவா என்பதே இன்றைய விசாரணை. இக்கேள்விக்கு விடை சொல்லத்தக்க சாட்சியங்களை நாம் ஆண்டுதோறும் வெட்டி எருக்குழியில் தள்ளி வருகிறோம் என்ற வருத்தமே என்னை இந்த மேடைக்கு அழைத்து வந்தது.

முதலில் வேறொரு கழிமுகத்தைப் பார்ப்போம். நம்மைப் போலவே நெல்லும் ஆறும் வாய்க்காலும் நெருங்கிய குடிகளுமாக அமைந்த வங்காளப் பெருங்கழிமுகத்தில், வங்காளதேசத்து மாணிக்கஞ்ச் என்னும் மாவட்டத்தில், 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் மாலையில் எழுந்த சுழற்காற்று ஏறத்தாழ 1,300 உயிர்களைக் கொண்டு போயிற்று. உலகில் இதுவரை பதிவான சுழற்காற்றுகளுள் இத்தனை பேரை மாய்த்தது வேறில்லை. மாதக்கணக்கில் மழை பொய்த்து, மழைக்காகப் பிரார்த்திக்கும்படி அந்நாட்டுத் தலைவரே மக்களைக் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது; வேண்டிய மழை முகிலோடு சேர்ந்தே அந்த நாசமும் வந்தது என்பதை நினைக்கும்போது மழையை எதிர்நோக்கி வாழும் எந்த உழவனுக்கும் நெஞ்சு பதறும். வங்கத்தில் இஃது ஒற்றைச் சம்பவமும் அன்று. 1838 ஏப்ரல் 8ஆம் நாள் கல்கத்தாவை அடுத்த ஊர்களில் வீசிய சுழற்காற்றில் 215 பேர் மாண்டதாக அக்காலக் குறிப்பு உண்டு. 1998 மார்ச் 24இல் வங்க ஒரிசா எல்லையிலுள்ள தாந்தன் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024 மார்ச் 31இல் ஜல்பாய்குரி மாவட்டத்து மைனாகுரியில் வீடுகள் தூளாயின. தலைநகராகிய டில்லியிலேயே, 1978 மார்ச் 17 மாலையில், பல்கலைக்கழகம் அமைந்த வடபகுதி வழியே சில நிமிடங்களில் கடந்து சென்ற சுழற்காற்று 28 பேரைக் கொன்றது.

மாணிக்கஞ்சுக்கு நேர்ந்தது மன்னார்குடிக்கு ஏன் நேரவில்லை? உஷ்ணம் போதாமையால் அன்று. கத்திரி வெயிலை அறிந்தவர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டுவதில்லை. ஈரம் போதாமையாலும் அன்று. முற்பகலில் நாகப்பட்டினக் கரையில் கிளம்பும் கடற்காற்று, வங்கக் கடலின் நீராவியைச் சுமந்துகொண்டு திருவாரூரைக் கடந்து, மாலைக்குள் தஞ்சை எல்லை வரையிலும் வந்து சேர்கிறது. முகிலின் உயரத்திலும் குறைவில்லை. நம் கோடை இடிமுகிலின் உச்சி பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் எழுவது சாதாரணம். ஆகவே வேற்றுமை பொருளில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. அந்த அமைப்பை விளங்கிக்கொள்ளச் சாதாரண இடிமுகிலின் ஆயுளை முதலில் அறிதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல் ஃபுளோரிடாவிலும் 1947இல் ஒஹையோவிலும் பயர்ஸ், பிரஹாம் என்னும் இருவர் தலைமையில் விமானங்களை இடிமுகில்களுக்குள்ளேயே செலுத்தி ஆராய்ந்தார்கள். அவர்கள் நிர்ணயித்த வரலாறு நம் கண் காணும் அனுபவத்தோடு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. சூடேறிய காற்று மேலெழுந்து குளிர்ந்து முகிலாகிறது. முகிலில் திரண்ட மழைத்துளிகள் பாரம் தாங்காமல் விழத் தொடங்குகின்றன. அவை விழும் வழி, காற்று எழுந்த அதே வழியாதலால், தன்னைப் பெற்ற எழுகாற்றை மழையே அமுக்கிவிடுகிறது. தென்மேற்கே புதுக்கோட்டைப் பக்கம் வானம் கருக்கிறது. குளிர்ந்த காற்று ஒன்று புழுதியை வாரிக்கொண்டு முன்னே ஓடி வருகிறது. கட்டித் துளிகள் விழுகின்றன. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்து, தவளைகள் கத்தத் தொடங்குகின்றன. தன் மழையாலேயே தான் அழியும் முகில் நீண்ட நாசம் செய்ய வல்லதன்று.

இனி விபரீதமான முகிலைப் பாருங்கள். கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று வரும் திசையால் காற்றுக்குப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர்கள்; கச்சான் என்றும் சோழகம் என்றும் கடலோடும் மக்கள் இன்றளவும் திசை பிரித்தே காற்றைச் சொல்கிறார்கள். ஆனால் ஒரே நாளில், ஒரே ஊரின் தலைக்கு மேல், தரையை ஒட்டி ஒரு காற்றும் ஐந்து ஆறு கிலோமீட்டர் உயரத்தில் திசையாலும் வேகத்தாலும் முற்றிலும் மாறுபட்ட மற்றொரு காற்றும் வீசக்கூடும். இரண்டுக்கும் இடைப்பட்ட காற்று, உள்ளங்கைகளுக்கு நடுவே விளக்குத் திரி உருள்வதுபோல, தரைக்கு இணையாகப் படுத்த நிலையில் உருள்கிறது. அந்த உருளையை வலிய எழுகாற்று ஒன்று அடியிலிருந்து தள்ளி நிமிர்த்திவிட்டால், படுத்திருந்த சுழற்சி நின்ற சுழற்சியாகி, எழுகாற்று முழுவதும் தன் அச்சைச் சுற்றித் திரும்பலாகிறது. மேற்காற்று வலிதாக இருப்பதால் மழை எழுகாற்றின் மேலேயே விழாமல் அப்பால் கொண்டுபோகப்படுகிறது. முகில் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் நியதி இங்கே தப்பிவிடுகிறது. முக்கால் மணியில் முடிய வேண்டியது மூன்று நான்கு மணி நேரம் உயிரோடு, சுற்றியுள்ள முகில்கள் செல்லும் வழியை விட்டு வலப்புறம் விலகித் தனி வழி நடக்கிறது. இங்கிலாந்தில் வோக்கிங்ஹாம் என்னும் ஊர்ப்பக்கம் 1959 ஜூலை 9இல் ஆலங்கட்டி பொழிந்த ஒரு முகிலை ராடாரால் நுணுகி ஆராய்ந்த கீத் பிரௌனிங் என்பவர்தாம் இந்த அமைப்பை உலகுக்குத் தெளிவாக எடுத்துக் காட்டினார். சூப்பர்செல் என்ற பெயரும் அவர் இட்டதே.

சுழலும் முகில் எல்லாம் சுழற்காற்றை இறக்கிவிடுவதில்லை, பெரும்பான்மை இறக்குவதில்லை. முகிலின் உள்ளே சில கிலோமீட்டர் அகலத்துக்குத் திரும்பும் சுழற்சி, தரையருகே சில நூறு மீட்டருக்குள் ஒடுங்கி உக்கிரமடைய வேண்டுமானால், முகிலின் பின்புறத்தில் இறங்கும் காற்றும் அச்சுழற்சியைச் சுற்றி வளைத்துக்கொள்ள வேண்டும். அந்த இறங்குகாற்று மிகக் குளிர்ந்து கனத்திருந்தால் சுழற்சியின் அடியை அறுத்துவிடுகிறது, அளவாகக் குளிர்ந்திருந்தால் அதனோடு கலந்து மேலேறி அதை இறுக்குகிறது. எந்த முகிலில் இது கூடி வரும், எதில் வராது என்பதை முன்னரே துணிந்து சொல்லும் ஆற்றல், இத்தனை ராடார்களும் கணிப்பொறிகளும் கொண்ட அமெரிக்க வானிலையாளருக்கும் இன்னும் கைவரவில்லை.

பூமியின் சுழற்சிதான் இதற்கு மூலம் என்றும், பூமத்திய ரேகைக்கு நாம் அருகில் இருப்பதால் தப்பினோம் என்றும் ஓர் அபிப்பிராயம் படித்தவர்களிடையே உலவுகிறது. புயலுக்கு அது பொருந்தும்; நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்த புயல் பூமியின் சுழற்சியின்றி உருவாகாது. சில நூறு மீட்டர் அகலமும் சில நிமிட ஆயுளும் உடைய சுழற்காற்றுக்கோ பூமியின் திரும்பல் ஒரு பொருட்டே அன்று. அதற்கு வேண்டியது கீழ்க்காற்றுக்கும் மேல்காற்றுக்கும் உள்ள வேற்றுமையே.

அந்த வேற்றுமை வங்கத்துக்கு வாய்த்திருக்கிறது. மாணிக்கஞ்ச் ஏறத்தாழ 24 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. மார்ச் ஏப்ரல் மாதங்களில் கடலிலிருந்து ஈரமான தென்காற்று தரையை ஒட்டி ஏறி வர, அதன் மேலே சோட்டா நாகபுரி மேட்டு நிலத்திலிருந்து வறண்ட வெங்காற்று மூடிபோல் பரவி நிற்க, அதற்கும் மேலே இமயத்துக்குத் தெற்கே இன்னும் விலகாதிருக்கும் மேலைப் பெருங்காற்று விரைந்து வீசுகிறது. அங்குள்ளோர் கால்பைசாகி என்று அழைக்கும் கோடைப் புயல்மழைகளில் சில சுழலுவதற்கு இம்மூன்றின் சேர்க்கையே காரணம். தஞ்சை 10.8 டிகிரியில் உள்ளது. நம் சித்திரை வைகாசியில் அந்த மேலைப் பெருங்காற்று வெகு தூரம் வடக்கே இருக்கிறது; நம் தலைக்கு மேல் எத்தனை உயரம் சென்றாலும் காற்று பெரிதாக வலுப்பதில்லை. திரியை உருட்ட மேற்கை இல்லை.

ஆடியில் நிலைமை வேறு. கீழே பாலக்காட்டுக் கணவாயின் வழியாக மேலைக்காற்று வீசியடிக்கிறது. தென்னிந்தியாவின் மீது ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் அது ஒரு பேரோட்டமாகவே ஓடுவதை 1966இல் ஜோசப், ராமன் என்னும் நம் நாட்டு வானிலையாளர் இருவர் எடுத்துக் காட்டினர். பதினான்கு பதினாறு கிலோமீட்டர் உயரத்திலோ அதற்கு நேர் எதிரான கீழைப் பெருங்காற்று வீசுகிறது. அதனைக் கண்டறிந்து 1958இல் வெளியிட்ட பி. கோடீஸ்வரம் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வீற்றிருந்தார். கீழும் மேலும் இவ்வளவு முரண்பட்ட காற்று வீசும் பிரதேசம் உலகில் அரிது. ஆயினும் முரண் மிக உயரத்திலேயே பெரிதும் நிகழ்கிறது. சுழற்காற்றுக்கு வேண்டிய முரண் தரையை ஒட்டிய முதல் ஆறு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மேலும் மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்று தன் ஈரத்தைக் கேரளத்திலேயே உதிர்த்துவிட்டு வருகிறது.

நாம் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய காலம் ஐப்பசி கார்த்திகை என்பது என் துணிபு. அப்போது கரையைக் கடக்கும் புயலில், தரையின் உராய்வால் கீழ்க்காற்று தளர, சில நூறு மீட்டர் மேலே காற்று தன் முழு வேகத்தோடு ஓடுகிறது. நாம் தேடிய முரண், தரைக்கு வெகு அருகில், அங்கே தயாராக இருக்கிறது. புயல் செல்லும் திசையை நோக்கி நின்றால் வலக்கை முன்பக்கமே இதற்கு உரிய இடம் என்பது அமெரிக்க அனுபவம். 2004இல் ஐவன் என்னும் புயல் ஒன்று மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட சுழற்காற்றுகளை ஈன்றது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி மேற்கு நோக்கிச் சென்றதை நினைவுகூருங்கள். அத்தகைய புயலின் வலப்புறம் அதன் மையத்துக்கு வடக்கே அமைகிறது. பேராவூரணியிலும் பட்டுக்கோட்டையிலும் ஒரத்தநாட்டிலும் வீழ்ந்த தென்னைகள் புயலின் பெருங்காற்றால் வீழ்ந்தவை என்பதில் ஐயமில்லை. வடபுறத்து மழைப்பட்டைகளுக்குள் சிறு சுழல்கள் எங்கேனும் ஒளிந்திருந்தனவா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. மரங்களின் எண்ணிக்கைக்குச் சேதக் கணக்குத்தாளில் கட்டம் உண்டு. அவை எந்தத் திசையில் கிடந்தன என்பதற்குக் கட்டம் இல்லை.

ராடார் இதைக் காட்டாதா என்று மாணவர்கள் கேட்கலாம். 1953 ஏப்ரல் 9இல் இல்லினாய்ஸில் ஒரு ராடார்த் திரையில் முகிலின் ஓரம் கொக்கிபோல் வளைந்து தோன்றியதும், அதனருகே சுழற்காற்று வீசியதும், இத்துறையின் திருப்புமுனை. துளிகள் நம்மை நோக்கி வருகின்றனவா விலகுகின்றனவா என்று அளக்கும் டாப்ளர் ராடார் சென்னைத் துறைமுகத்தருகே 2002இல் இயங்கத் தொடங்கியது. காரைக்காலிலும் ஒன்று நமக்கு இருக்கிறது. ஆனால் ராடாரின் கதிர் நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைகிறது. காரைக்காலிலிருந்து அரைப் பாகை உயர்த்தி அனுப்பும் கதிர், எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்திலுள்ள தஞ்சைக்கு வரும்போது தரைக்கு மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருவையாற்றுக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் இன்னும் உயரத்தில். வாழைத் தோட்டத்தில் நடப்பது அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டருக்குள் நடக்கிறது. அங்கே ராடாருக்குக் கண்ணில்லை.

கண்ணாக அமைவது விழுந்த மரமே என்று உலகுக்குக் கற்பித்தவர் டெட்சுயா புஜிதா என்னும் ஜப்பானியர். 1945இல் நாகசாகியிலும் ஹிரோஷிமாவிலும் அணுகுண்டு வெடித்த சில வாரங்களில் அவ்விடங்களை ஆராயச் சென்ற அந்த இளம் ஆசிரியர், மரங்கள் ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கி விழுந்து கிடந்ததை மனத்தில் பதித்துக்கொண்டார். பின்னர் சிகாகோ சென்று சுழற்காற்று ஆராய்ச்சியில் புகழ்பெற்று, 1971இல் அவற்றின் வலிமையை அளக்கும் அளவுகோலையும் வகுத்தார். 1974 ஏப்ரல் 3, 4 ஆகிய இரு நாட்களில் 148 சுழற்காற்றுகள் அமெரிக்காவைத் தாக்கியபோது, சேதமடைந்த காடுகளின் மேல் விமானத்தில் பறந்து பார்த்தவர், சுழற்காற்றின் தடத்துக்குரிய முறுக்கு இல்லாமல், நாகசாகியில் கண்டதுபோலவே வெளிநோக்கி விரிந்த வீழ்ச்சியைச் சில இடங்களில் கண்டார். முகிலிலிருந்து குளிர்ந்த காற்று தூணாக இறங்கித் தரையில் மோதி நாற்புறமும் சிதறி ஓடுவதன் அடையாளம் அது. அடுத்த ஆண்டு ஜூன் 24இல் நியூயார்க் விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் நொறுங்கி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதற்கு இத்தகைய கீழ்வீச்சே காரணம் என்று அவர் வாதித்தபோது பல வல்லுநர் நம்பவில்லை. பிற்காலத்து அளவீடுகள் அவரையே மெய்யாக்கின. விழுந்த மரத்தின் திசையைப் பொறுமையோடு குறித்து வைத்த ஒரு மனிதரால் எத்தனை விமானங்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன என்பதை எண்ணுந்தோறும் எனக்கு அவர்மீது பெருமதிப்பு உண்டாகிறது.

நம் அண்டையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2024 ஆகஸ்ட் இறுதியில் தெலங்கானாவின் முலுகு மாவட்டத்து மேடாரம் காட்டில் பல்லாயிரம் மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. நேரில் கண்டு சொல்ல ஆளில்லாத நடுக்காடு. சுழற்காற்றா, கீழ்வீச்சா என்று வல்லுநர்கள் மாறுபட்டு வாதிட்டார்கள். கிடந்த மரங்களே அந்த வாதத்துக்குப் பிரமாணமாயின.

நம் கோடைச் சூறையில் பெரும்பகுதி கீழ்வீச்சே என்பது, மேற்சொன்ன காரணங்களால், என் அபிப்பிராயம். அபிப்பிராயம் நிர்ணயமாக வேண்டுமானால் தோட்டத்துக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். கீழ்வீச்சானால் ஒரு பெரும்பரப்பில், அடுத்தடுத்த ஊர்களில், மரங்கள் ஒரு நடுவிடத்திலிருந்து விலகி விலகிச் சாய்ந்திருக்கும்; எங்கும் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக விழுந்திராது. சுழலானால் சேதம் ஓர் ஒடுங்கிய பட்டையாக ஓடும். பட்டையின் ஒரு பக்கத்து மரங்கள் சுழல் சென்ற திசையிலேயே கிடக்க, மறுபக்கத்தவை நடுக்கோட்டை நோக்கியோ பின்னோக்கியோ கிடக்கும். பத்தடி தள்ளி உள்ள வயலில் ஓர் இலையும் கிழிந்திராது.

வாழை இதற்கு நல்ல சாட்சி, ஆனால் எல்லா வாழையும் அன்று. தார் விட்ட மரம் தாரின் பாரத்தால் முன்னமே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. காற்று எங்கிருந்து வந்தாலும் அது தாரின் பக்கமே விழப் பார்க்கும். சவுக்குக் கழியோ மூங்கிலோ முட்டுக் கொடுத்த மரம் முட்டுக்கு எதிர்ப்புறமாக விழும். எனவே பூவனோ மொந்தனோ ரஸ்தாளியோ, இன்னும் தார் விடாத, முட்டுக் கொடுக்காத இளமரங்களைத்தான் நம்ப வேண்டும். அவற்றிலும் கிழங்கோடு பெயர்ந்தவை எவை, நடுத்தண்டில் முறிந்து நார் தொங்க நிற்பவை எவை என்று பிரித்துக்கொள்ள வேண்டும்; பாய்ச்சல் முடிந்து ஈரமாயிருந்த மண்ணில் கிழங்கு பெயர்வதற்குப் பெருங்காற்று வேண்டியதில்லை, தண்டு முறிவதற்கோ வேண்டும். தை மாதத்தில் முற்றிய சம்பாக் கதிரும் சாய்ந்த திசையைக் காட்டும். வரப்பில் நின்று பார்த்தால் தாள் படிந்த வரி தெளிவாகத் தெரியும்.

கிராமக் கணக்கு எண் 2 ஆகிய அடங்கலில், எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்பது ஆண்டாண்டாக எழுதப்பட்டு வருகிறது. பயிர்ச்சேதம் 33 சதவீதத்துக்கு மேற்பட்டால் நிவாரணம் என்ற விதிக்காக, காற்றுக்குப் பின் ஒவ்வொரு வயலும் பார்வையிடப்படுகிறது. இத்தனை நெருக்கமாக நிலத்தைச் சுற்றி வரும் ஏற்பாடு உலகில் பல நாடுகளுக்கு இல்லை. அந்தச் சேதக் கணக்குத்தாளில் மூன்று குறிப்புகளைக் கூட்டும்படி வருவாய்த் துறையையும் வானிலைத் துறையையும் இம்மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்: காற்று அடித்த நேரம், முதற்காற்று வந்த திசை, வயலின் நான்கு மூலைகளிலும் இளமரங்கள் சாய்ந்திருக்கும் திசை. சர்வே எண் இருக்கிறபடியால் இடத்தை வரைபடத்தில் குறிப்பதில் தடையே இல்லை. நேரம் தெரிந்தால் காரைக்கால் ராடாரின் அந்த நிமிடத்துப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரி வருவதற்குச் சில நாட்களாகும். அதற்குள் சாய்ந்த மரத்தை வெட்டி, விற்கத்தக்க காயைச் சந்தைக்கு ஏற்றி, பக்கக் கன்றுக்கு வெளிச்சம் விடும் அவசரம் உழவருக்கு உண்டு; அதை நிறுத்திவைக்கச் சொல்வது நியாயமில்லை. ஆகவே திசையைக் குறிக்கும் முதற்பொறுப்பு, காற்று ஓய்ந்த மறுநாட்காலையில், தோட்டத்துக்காரரிடமும் அவர் வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடமுமே வந்து சேர்கிறது. கைப்பேசியில் திசைகாட்டி இருக்கிறது. வெட்டுமுன் நான்கு மூலையிலும் நின்று நான்கு படம் எடுத்து, படத்தில் வடக்கு எது என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, பிறகு அரிவாளை எடுத்தால் போதும்.